எண்ணெய் குடித்த மரம்

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள், மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர, தம்புசாமி தன் கிட்டாரை வாங்கிவரக் கிள்ளானுக்குப் போனான். எண்பத்தாறாம் வருஷம் அது. பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவன், அதுவரை கல்யாண வீடுகளில் வாசிப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தான் குடியிருந்த ரயில்வே வீட்டில் கிட்டார் கண்ணெதிரே கிடந்தால் கை சும்மா இருக்காது என்று அதைத் தியாகராஜன் வீட்டில் விட்டுவைத்தான். தியாகராஜன்தான் இசைக்குழுவின் முதலாளி. ஸ்பீக்கர், டிரம்ஸ், வேன் எல்லாம் அவருடையவை. அந்தக் கிட்டார் ஒன்றுதான் அவருடையதல்ல.

அங்கே கிட்டார்ப் பெட்டியைத் திறந்ததும் வேறு யாருடையதையோ திறந்துவிட்டோம் என்றுதான் நினைத்தான். செக்கச்செவேலென்று, புதுக் கார் மாதிரி மின்னியது. குனிந்தபோது அதில் அவன் மொட்டைத் தலை தெரிந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன் அதைப் பழசாக வாங்கியபோதும் இப்படித்தான் ஒரு தடித்த பளபளப்பு பூசியிருந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சுரண்டி எடுத்தவன் அவன். பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் கிழிந்த வேட்டித் துணியில் லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெயைத் தொட்டுத் தேய்ப்பான். மரம் குடித்துக்கொண்டே இருந்தது. வாசிக்கும்போது வலது கை அழுந்துகிற இடம் கருத்து, வழவழத்து, அவன் உடம்பில் ஒரு பகுதி போல ஆகியிருந்தது. பெயின்ட் அடித்த கிட்டாரைக் கட்டிப்பிடிப்பது கண்ணாடி ஜன்னலைக் கட்டிப்பிடிப்பது போல என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள்.

"கார் வொர்க்‌ஷாப்ல குடுத்து ரெண்டு வாரத்துக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சேன்," என்றார் தியாகராஜன். "கெழவன் வண்டி மாதிரி இருந்துச்சு. இப்பப் பாரு, மொகம் பாத்து சவரம் பண்ணலாம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"நீ விரதத்துல இருந்த. சாமி கும்பிடுற ஆளத் தொந்தரவு பண்ணக் கூடாதுல்ல."

சனிக்கிழமை கோலாலம்பூரில் இசைக்குழுப் போட்டி. ஜெயித்தால் சிங்கப்பூர்ப் பயணம். இதுவரை தம்புசாமி வாசித்த முன்னணி லீட் கிட்டாரை அன்றைக்கு வாசிக்கிறவனுக்குத்தான் இனி அந்த இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். தியாகராஜன் அதையும் சிரித்துக்கொண்டே முடித்துவிட்டார்.

"பாலன் வாசிக்கட்டும். உன் கிட்டார அவன் எடுத்துக்கட்டும், ஒரு நாள்தான. கிட்டாரும் பளபளங்குது, உன் தலையும் பளபளங்குது. ஒரே ஸ்டேஜ்ல ரெண்டும் வேணாம்லா."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. இத்தனை நாள் ரிதம் கிட்டார் வாசித்த பாலன் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தான்.

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடத்தான் தம்புசாமி கை வைத்தான். கட்டை விரலை எடுத்தபோது சிவப்பில் ரேகை பதிந்திருந்தது. அடித்து இரண்டு வாரமாகியும் காயவில்லை. அடியில் இருக்கிற எண்ணெய் காய விடாது, சூடு பட்டால் இன்னும் இளகும் என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. பெட்டியை மூடினான்.

"கொண்டு போ பாலா," என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலன் வீடு தேடி வந்தான்.

"அண்ணே, கை வைக்கிற எடம் ஒட்டுற மாதிரி இருக்கு. நான் எப்பவும் வாசிக்கிற பழைய கிட்டாரையே எடுத்துக்கவா?"

"புது பெயின்ட் அப்படித்தான். ஸ்டேஜ் லைட்டு சூட்டுல காஞ்சிரும்."

பாலன் முகம் தெளிந்தது. "பயந்துட்டேன்ணே. நாளைக்கு தெய்வானை வீட்டுலேர்ந்து வராங்க. பொண்ணு கேட்டிருக்கோம். அவங்கப்பாவுக்குப் பாட்டுக் கச்சேரின்னாலே எளக்காரம். ஒரு தடவ வந்து பாருங்கன்னு கெஞ்சிக் கூப்பிட்டேன்."

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. தம்புசாமி வேறொன்று கேட்டான்.

"என்ன சட்டை?"

"வெள்ளை சில்க்குண்ணே. முழுக்கை."

"நல்லாருக்கும்," என்றான்.

இரண்டாவது பாட்டின் நடுவில் பாலன் தனியாக வாசிக்க வேண்டிய இடம். விளக்குகள் எல்லாம் அவன்மேல் திரும்பின. கை ஒரு வீச்சு வந்தது, அடுத்த வீச்சுக்கு எழவில்லை. இழுத்தான். சில்க் கிழிகிற சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. சட்டையெல்லாம் சிவப்பு. அவன் நிறுத்தாமல் கிழிந்த சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு வெறுங்கையால் வாசிக்கப் பார்த்தான். அதுவும் ஒட்டியது. பிய்த்து எடுத்தபோது தோல் உரிந்தது.

"கோழி அறுத்துட்டான்டா டேய்," என்று எவனோ கத்தினான். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் தெய்வானையின் அப்பா எழுந்து, மகள் தோளைத் தட்டி எழுப்பி, கூட்டிக்கொண்டு வெளியே போனார். கடைசி வரிசையில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்த தம்புசாமியும் வாய்விட்டுச் சிரித்தான். நாலைந்து நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது போல் இருந்தது. சிரித்து முடித்த பிறகும் வாயை மூட முடியவில்லை.

தியாகராஜன் பாலனை அன்றே விரட்டிவிட்டார். "அடுத்த கல்யாணத்துக்கு நீயே வாடா, தொப்பி போட்டுக்க," என்று தம்புசாமிக்குச் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பாலன் கிட்டாரைக் கொண்டுவந்தான். முழங்கைக்குக் கீழே துணி சுற்றியிருந்தது. உள்ளே வரவில்லை.

"லைட்டு சூடு பத்தலண்ணே. நீங்க சொன்ன மாதிரி நல்ல சூடா இருந்திருந்தா காஞ்சிருக்கும். நான்தான் அழுத்திப் புடிச்சிட்டேன் போலருக்கு. ஒங்க சாமானக் கெடுத்துட்டேன்."

தம்புசாமி அவனைப் பார்த்தான். கிண்டல் இல்லை. அவன் மனதாரத்தான் சொன்னான்.

"பரவால்ல," என்றான் தம்புசாமி.

சித்திரைக்குள் தலையில் முடி வளர்ந்துவிட்டது. சிவப்பும் தானாகவே கல் போலக் காய்ந்தது. கை அழுந்துகிற இடத்தில் ஒரு வெள்ளை நூலும், பாலன் கையின் நாலைந்து குட்டை மயிர்களும் பெயின்டில் அமிழ்ந்து கிடந்தன. நகத்தால் நெருடினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தான். சுரண்டினால் அவற்றையும் சேர்த்துத்தான் சுரண்ட வேண்டும். அந்தத் தாள் அலமாரியிலேயே கிடக்கிறது. கல்யாண வீடுகளில் அவன் கை அந்த இடத்தின்மேல்தான் வந்து படிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, பழக்க தோஷத்தில் வேட்டித் துணியை எடுத்து எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தான். எண்ணெய் உள்ளே போகவில்லை, மேலேயே நின்றது. அதற்கடியில் மயிர்கள் ஒவ்வொன்றும் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.