வாத்தியார் பக்கத்து பிரேக்

பத்தொன்பது வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் வாத்தியாருக்கு ஒரு வியாதி. எந்த வண்டியில் ஏறினாலும், அது பஸ்ஸாகவே இருந்தாலும், வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். சினிமாவில் கதாநாயகன் வேகமாகக் கார் ஓட்டினால் முன்சீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படிப்பட்டவரை வழி சொல்லப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நான்கு நாள், இரண்டாயிரம் கிலோமீட்டர் கார் ராலிப் பந்தயத்துக்குக் கிளம்பினாள் அவர் மனைவி. வண்டி, பள்ளியின் பழைய ஜப்பானியச் சின்னக் கார். வாத்தியார் பக்கத்திலும் ஒரு பிரேக் இருந்தது. கழற்ற நேரமில்லை என்று சொல்லிவிட்டார். நேரமெல்லாம் நிறைய இருந்தது.

“என்ன தங்கச்சி, கடைக்குப் போறீங்களா?” என்று பெரிய ஜீப்காரர்கள் சிரித்தார்கள். மூன்றாம் நாளுக்குள் அவர்களில் பாதிப் பேர் ஆக்ஸில் உடைந்தும் ரேடியேட்டர் கொதித்தும் வழியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். சின்னக் காரோ கொஞ்சூண்டு பெட்ரோலைக் குடித்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. மொத்தத்தில் இரண்டாமிடம். முதல் வண்டிக்கு ஒரே ஒரு நிமிடம் பின்னால்.

அந்த ஒரு நிமிடம் வாத்தியாரின் கைங்கரியம். முதல் நாள் வறண்ட ஆற்றைக் கடக்கும்போது, ஒன்றுமில்லாததற்குப் பதறி மிதித்துவிட்டார். மணலில் நின்றால் போச்சு, சக்கரம் புதைந்துவிடும். தள்ளி ஏற்றவே பதினோரு நிமிடம். அதில் பத்தை அவள் மூன்று நாளில் ஓட்டியே மீட்டிருந்தாள்.

நான்காம் நாள், கடைசி ஆறு.

“ஏங்க, இத நிக்காம தாண்டிட்டா அந்த ஒரு நிமிஷத்தையும் புடிச்சிடலாம், கப்பு நமக்குத்தான். நீங்க மேப்ப மட்டும் பாருங்க.”

“பாக்கறேன்மா. நான் என்ன சின்னப் புள்ளையா?”

“காலு?”

“அது பாட்டுக்கு இருக்கு.”

பாதி ஆற்றில், முதலிடத்து வண்டி குறுக்கே புதைந்து கிடந்தது. அதற்கும் ஒரு பாறைக்கும் நடுவே கார் நுழையுமா நுழையாதா என்கிற மாதிரி ஒரு சந்து. அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வாத்தியாரின் கால் கிளம்பியது. இந்தக் காலை நம்பினால் குடி முழுகிவிடும் என்று அவருக்குத் தெரியும். சட்டென்று இரண்டு கால்களையும் சீட்டின்மேல் இழுத்துச் சம்மணம் போட்டு, மேப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

பக்கக் கண்ணாடி படக்கென்று மடங்கியது. அவ்வளவுதான். கார் அக்கரை ஏறிவிட்டது.

முடிவுக் கோட்டில் நேரம் குறிக்கிற பெண் முதலிடம் என்று எழுதிவிட்டுக் குனிந்து பார்த்து, “சார் ஏன் இப்படி உக்காந்திருக்காரு?” என்றாள். கால் மரத்துப்போய்ப் பிரிக்க முடியவில்லை அவருக்கு. மனைவி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதும்விட்டாள்.

“நீங்க சொல்லிக் குடுத்து பதினஞ்சு வருஷமாச்சு. இன்னைக்குத்தாங்க நான் வண்டி ஓட்டியிருக்கேன்.”

“நீ நல்லா ஓட்டினேம்மா” என்றார் வாத்தியார். யாரைப் பாராட்டினாலும் கூடவே ஓர் “ஆனா” போட்டுப் பழகியவர். இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.