விழுங்கச் சொன்னவர்

எங்கள் மதுபான ஆலையில் ருசி பார்ப்பவர்கள் துப்பக் கூடாது. தொண்டையில் இறங்கினால்தான் சரக்கின் குணம் தெரியும் என்பது மேனேஜர் போட்ட சட்டம். மாசமாக இருந்தபோது, விழுங்கலாமா என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"ஒரு மூடி அளவுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. பயமா இருந்தா வீட்டுல உக்காரு" என்றார்.

நம்பித் தொலைத்தேன். எட்டு மாதம், தினமும் ஆறு தொட்டி, ஆறு மூடி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மகள் பூனைக்குட்டி மாதிரி பிறந்தாள். "எப்படியாவது தேத்தி விடு" என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாம். நானும் தேற்றினேன். பொரித்தது, வெண்ணெய், கேக், பாட்டில் பாட்டிலாகக் குளிர்பானம். இன்று அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்லீரலில் கொழுப்பு, ரத்தத்தில் சர்க்கரை, தினமும் ஊசி.

டாக்டர் பூசி மெழுகவில்லை. "கருவுல சாராயம் பட்ட பிள்ளைங்களுக்கு இந்த நோயெல்லாம் சுலபமா வரலாம்மா. அதுக்கு மேல இந்தச் சாப்பாடு வேற. எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தின மாதிரி. இனிமேலாவது மாத்துங்க."

எண்ணெய் ஊற்றியவள் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். பற்றவைத்த ஆளைச் சும்மா விடுவேனா?

கடவுள் இருக்கிறார். மேனேஜர் ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலியில் அவர் மகளே வந்து உட்கார்ந்தாள். ஐந்து மாத வயிறு. நேற்றுக் காலை ருசி அறைக்கு வந்தாள்.

"அக்கா, எனக்கும் கத்துக்குடுங்க. முழுங்கணுமாமே?"

நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும், விளையட்டுமே! என் பெண்ணை நான் பார்த்துப் பார்த்துச் சாகிறேன், பேரப்பிள்ளையைப் பார்த்து அவரும் சாகட்டும். கண்ணாடிக் கோப்பையில் ஒரு மூடி ஊற்றிக் கையில் கொடுத்தும் விட்டேன்.

ஆனால் வயிற்றுக்குள் இருப்பது என்ன பாவம் செய்தது? பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சட்டம் போட்டவரையே கேட்டுடுவோம்" என்றேன்.

மகளைக் கொண்டுவந்து விட்ட பழைய மேனேஜர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். ஆள் அனுப்பினேன். அவர் கதவைத் திறந்ததுமே கேட்டேன்.

"ஐயா, உங்க பொண்ணு முழுங்கப் போறாங்க. ஒரு மூடிதான். ஒண்ணும் ஆகாதுல்ல?"

பாய்ந்து வந்து கோப்பையைத் தட்டிவிட்டார். தரையெல்லாம் கண்ணாடி.

"பைத்தியமா உனக்கு? வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு!"

"ஆக, உங்களுக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றேன்.

என்ன நடந்தது என்று அவர் எதிரிலேயே அவர் மகளுக்கு ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது.

"இப்படி எத்தனை பேருப்பா?" என்று கேட்டாள்.



"என்னோட சேர்த்துப் பதினோரு பேர்" என்றேன் நான். "எல்லார் வீடும் எனக்குத் தெரியும். வாங்கம்மா, இன்னைக்கே போய்ப் பிள்ளைங்களைப் பார்த்துட்டு வரலாம். ஐயாதான் முன்னாடி போய்க் கதவைத் தட்டணும்."