ராமையாவின் அட்டை

காலையில் துறைமுகத்தருகே வெடித்த குண்டு நிலத்தடிக் கேபிளைக் கிழித்தது. கோதுமை மா ஆலை நின்றது. புகையிரத சிக்னல்கள் அணைந்தன. ராமையா ஆலை வாசலருகே குழிக்குள் இறங்கிக் கேபிளைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

கொட்டாஞ்சேனை மின்நிலையத்தில் நிக்கலஸ் தனியே இருந்தான். சுவிட்சுக்குப் பூட்டு. பூட்டில் சிவப்பு அட்டை: ‘ஆள் வேலையில். ராமையா.’ மாட்டியவனே வந்து கழற்ற வேண்டும். சேர்ந்து வேலைசெய்த பதினெட்டு வருடத்தில் இருவரும் அதை மீறியதில்லை. சாவி ராமையாவின் சட்டைப்பையில்.

நண்பகலில் ஓர் அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு நுழைந்தான்.

“மருதானையில் படை ஏறிய ரயில் நிற்கிறது. கரண்டைப் போடு,” என்றான் சிங்களத்தில்.

“குழிக்குள் ஆள் நிற்கிறான், சேர். போட்டால் கருகிப்போவான். இங்கேயும் வெடிக்கும்.” நிக்கலஸும் சிங்களத்திலேயே சொன்னான்.

அதிகாரி அட்டையை வாசித்தான்.

“ராமையா. நீ?”

“நிக்கலஸ்.”

“நிக்கலஸ், பிறகு?”

“இராஜநாயகம்.”

“இரண்டு தமிழன். ஒரு பூட்டு.” அதிகாரி சிரித்தான்.

நிக்கலஸ் சுவிட்சின் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றினான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் வலக்கை விரல்களில் அடித்தான். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்தது. நான்காவதில் பிடி விட்டது. பூட்டைச் சுட்டு உடைத்தார்கள். அதிகாரி தன் கையாலேயே சுவிட்சை இழுத்தான்.

வெள்ளை வெளிச்சம். வெடித்த வேகத்தில் நிக்கலஸ் தரையில் விழுந்தான். அதிகாரியின் முகம் எரிந்தது. ஒரு சிப்பாய் சட்டையைக் கழற்றித் தீயை அடித்தான். மற்றவன் வாசலில் வாந்தியெடுத்தான்.

தொலைபேசி அடித்தது. நிக்கலஸ் தவழ்ந்து போய் உடையாத கையால் எடுத்தான்.

“யாருங்க கரண்டு போட்டது?” ராமையா ஆலை வாசலிலிருந்து கத்தினான். “தேத்தண்ணி குடிக்க மேல ஏறினேன், குழி வெடிக்குது! தேத்தண்ணிக்காரி புண்ணியத்துல உசுரோட நிக்கிறேன். இருங்க, வாறேன்.”

“வராதை.”

“அட்டைய நான்தானே கழட்டணும்?”

அட்டை தரையில் கிடந்தது. பாதி எரிந்திருந்தது.

“நான் கழட்டிப்போட்டன். வீட்டை போ. இந்தப் பக்கம் தலை காட்டாதை.”



“என் அட்டையவா? நான் உள்ள இருக்கையிலயா?”

“ஓம்.”

“நீங்கள்லாம் மனுசனா?”

ராமையா காறித் துப்பியது கேட்டது. நிக்கலஸ் தொலைபேசியை வைத்தான். வாசலில் நின்ற சிப்பாய் வாயைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியை அவன் பக்கம் திருப்பினான்.