இருபத்தைந்து டிக்

எனக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் நல்ல பெயர் வாங்கத் தெரியும். யார் என்ன கேட்க ஆசைப்படுகிறார்களோ அதைச் சொல்லிவிட்டு இருக்கிற இடத்தைத் தக்கவைத்துக்கொள்வேன். சலவைக்கடையில் பதினோரு வருடமாக இஸ்திரி போடுகிறேன். முதலாளி வந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டால், "அருமையா இருக்கு சார்" என்று பல் தெரியச் சிரிப்பேன். பின்னால் நீராவிக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகுகிறது என்று சொன்னவள் ஒருத்தி இருந்தாள். அடுத்த மாதம் அவள் மேசையில் வேறொருத்தி நின்றாள். அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட சாமர்த்தியம் இது. தூக்கிக் குப்பையில் போட.

என் மகளுக்கு எட்டு வயது. பள்ளி லீவு நாளில் கடைக்கு வந்து என் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். பல் முளைத்த நாளிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் கொறித்ததால் அவள் அப்பா வைத்த செல்லப்பெயர் சுண்டெலி. பெயர் வைத்த மகராசன் மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொரு குடும்பத்தோடு குடித்தனம் செய்யப் போய்விட்டார். பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அன்றிலிருந்து சுண்டெலி என்னைக் கடிக்கிறாள். விளையாட்டுக் கடி இல்லை. வேலைக்குக் கிளம்ப நான் செருப்பை மாட்டினால் போதும், பாய்ந்து வந்து முன்னங்கையில் பல்லைப் பதிப்பாள். கையில் அகப்பட்டதை வீசுவாள். பிறகு கட்டிலுக்கு அடியில் சுருண்டு படுத்து, "போ, நீயும் போ" என்று கத்துவாள். கடையில் கேட்டவர்களிடம் இஸ்திரிப்பெட்டி பட்டுவிட்டது என்றேன். இஸ்திரிப்பெட்டிக்கு ஏது பல் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. அப்புறம் எதற்கு வம்பு என்று வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் அந்த மையத்துக்குப் போனோம். மனசு நொந்த பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கிற தொண்டு நிறுவனம். இடம் கிடைக்கப் பத்து மாதம் காத்திருந்தோம். கிடைத்த பிறகு வியாழக்கிழமைதோறும் நாலு மணிக்கு ஆலோசகரோடு ஒரு மணி நேரம். அவர் பொம்மைகளை வைத்துப் பேசவைப்பார். அதனால் சுண்டெலிக்கு அவர் பொம்மையக்கா.

அந்தப் பெண்ணைப் பற்றிக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். முதல் நான்கு மாதம் சுண்டெலி அங்கே வாயே திறக்கவில்லை. பொம்மையக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சும்மாவே இருந்தார். ஒரு நாள் சுண்டெலி அப்பா பொம்மையை எடுத்துக் கதவுக்கு வெளியே வீசினாள். அடுத்த வாரம் தானே போய் எடுத்துவந்து, "இங்கயே உக்காரு, எந்திரிச்சா அடிப்பேன்" என்று அதட்டினாள். அன்றைக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் ஆகும். கடிப்பது மட்டும் நிற்கவில்லை. வாரத்தில் ஏழு நாளாக இருந்தது நான்கு நாளாகக் குறைந்திருந்தது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஒன்றரை வருடம் ஆன சமயத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இருபத்தைந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இல்லை, சில சமயம், அடிக்கடி என்று மூன்று கட்டம். பிள்ளைகளுக்கும் அதே கேள்விதான், ஆனால் கட்டத்துக்குப் பதிலாகச் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். சுண்டெலி குட்டை மேசையில் கிரயானோடு உட்கார்ந்தாள். நான் பேனாவைத் திறக்கும்போது பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் காதருகே குனிந்தாள்.

"பாத்து போடுங்க. முன்னேத்தம் இல்லன்னா ஆள மாத்திடுவாங்க. என் பையனுக்கு இது மூணாவது ஆளு. மறுபடியும் முதல்லேர்ந்து."

பொம்மையக்காவும் போய்விட்டால்? இவளும் போய்விட்டாள் என்று என் மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்தால், பிறகு எந்த நூற்றாண்டில் வெளியே வருவாள்?

மற்றவர்களைக் கடிக்கிறாளா? இல்லை. பொருட்களை உடைக்கிறாளா? இல்லை. நீங்கள் வெளியே கிளம்பும்போது அளவுக்கு மீறி அழுகிறாளா? இல்லவே இல்லை. ஒன்றிரண்டிலாவது சில சமயம் என்று போட்டிருக்கலாம், பார்க்கிறவர்களுக்கு நம்பும்படி இருந்திருக்கும். அந்த அறிவெல்லாம் எனக்கு ஏது? இருபத்தைந்துக்கும் 'இல்லை' கட்டத்தில்தான் டிக்.

பொம்மையக்கா இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அம்மா, எல்லாத்துலயும் இல்லைன்னு போட்டிருக்கீங்களே. நெஜமாவா?"

"நெஜமாத்தாங்க. எல்லாம் உங்க கைராசி."

அவர் என் சட்டைக் கையைப் பார்த்தார். "வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"தங்கமா நடந்துக்கறா என் பொண்ணு."

"மாத்தணும்னா இப்பவே மாத்தலாம். ஒண்ணும் தப்பில்லை. யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். உன் வேலையைக் காப்பாற்றத்தானே தாயி புளுகுகிறேன், வாங்கிக்கொண்டு போயேன்! "யோசிக்க என்னங்க இருக்கு, அவ நல்லா இருக்கா" என்று அடித்துச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'வெற்றிகரமாக' என்ற வார்த்தை தடித்த எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, மீதியைச் சரியாகப் படிக்கவில்லை. ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துச் சுண்டெலிக்குப் புது கவுன் போட்டு அழைத்துப்போனேன். கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். மையத்தின் தலைவி, எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடுகிறவர், சுண்டெலி கையில் சான்றிதழைக் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மடச்சி.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், "அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல நாலு மணிதானே?" என்று கேட்டேன்.

"அடுத்த வியாழனா? அதான் முடிஞ்சிடுச்சேம்மா. குணமானவங்களுக்குத்தான் சான்றிதழ். உங்க நேரத்த வேற குழந்தைக்குக் குடுத்தாச்சு."

தலையில் இடி விழுந்தது. நேராகப் பெரிய மேடத்திடம் போனேன். பொம்மையக்காவும் அங்கேதான் நின்றார்.

"மேடம், நான் பொய் எழுதிட்டேன். அவ இன்னும் கடிக்கிறா."

பெரிய மேடம் என் தோளைத் தட்டினார். "முடியிற நேரத்துல எல்லா அம்மாவுக்கும் இப்படித்தான் பயம் வரும். நாங்க பாக்காததா? நீங்களே சமாளிப்பீங்க."

"பயம் இல்ல மேடம், பல்லு!" பொத்தானைப் பிய்த்துக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினேன். பழைய தழும்பு, புது ரணம், நேற்றுக் காலை பதிந்த சிவப்பு வட்டம் எல்லாம் வரிசையாக இருந்தன.

கேமராவோடு நின்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். "முதல்ல கைய இறக்குங்கம்மா" என்றார் பெரிய மேடம். குரல் தணிந்துவிட்டது. "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. கேஸ் மூடியாச்சு. மறுபடி வேணும்னா புதுசா விண்ணப்பம் போடுங்க. இப்போ ஒரு வருஷம் காத்திருக்கணும்."

"என் பொண்ணும் எழுதினாளே, அவ என்ன எழுதினா?"

பொம்மையக்காதான் பதில் சொன்னார். கண் கலங்கியிருந்தது. "பாதிக்கு மேல அழற மூஞ்சியச் சுத்தி வட்டம் போட்டிருந்தா. ரெண்டும் ஒத்துவரலன்னா பெத்தவங்க சொல்றதத்தான் எடுத்துக்கணும்னு இங்க விதி. அதான் உங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்கள மாத்திடுவாங்கன்னாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாற்றமாட்டார்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் ஒருத்தி மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நகக்கீறல், அதன்மேல் அப்பிய பவுடர். வியாழன் நாலு மணி இனிமேல் அவளுக்கு. அவளோடு சண்டை போடவாவது முடிந்திருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும். எந்த வாயை வைத்துச் சண்டை போட?

பேருந்து நிறுத்தத்தில் சுண்டெலி சான்றிதழைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, நான் அழற மூஞ்சியச் சுத்துனேன்ல, அதனாலதான் பொம்மையக்கா என்ன அனுப்பிட்டாங்களா?"

"இல்லடி கண்ணு."

"உண்மையச் சொன்னா யாரும் திட்டமாட்டாங்கன்னு அக்காதான் சொன்னாங்க. நான் எல்லாம் உண்மையாத்தான் போட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "நீ பண்ணது சரிதான்டி. அம்மாதான் பொய் எழுதிட்டேன். நீ கடிக்கவே மாட்டேன்னு எழுதிட்டேன்."

"எதுக்கு?"

"நல்லதா எழுதினா நம்மள அங்கயே வச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். கடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், கடித்தால் கடிக்கட்டும் என்றுகூட இருந்தது. கடிக்கவில்லை. பேருந்து வந்ததும் எனக்கு முன்னால் ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து வந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அவள் தானாகவே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாள். கத்தவில்லை. நானும் தரையில் உட்கார்ந்து, "அம்மா இங்கதான்டி இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பொம்மையக்கா மாதிரி சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை வகுப்பு டீச்சர் என்னைப் பார்க்க வரச்சொல்லியிருந்தார். மையத்தில் முடிந்துவிட்டதாமே, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான். இந்தமுறை உள்ளதை உள்ளபடி கொட்டிவிடுவது, விண்ணப்பத்துக்கு அவரிடமே கடிதம் வாங்குவது என்று முடிவுகட்டி, அரைக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செருப்புக்குக் காலை நீட்டினேன், வழக்கம்போலப் பாய்ந்து வந்தாள். பல் இறங்கியது. எப்போதும்போலக் கத்துவாள், எதையாவது வீசுவாள் என்று சுவரோரம் ஒதுங்கினேன்.

அவள் அலமாரிக்குப் போனாள். என் முழுக்கைச் சட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

"இதப் போட்டுக்கோ. டீச்சர் கேட்டா நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடு. என்னக் கேட்டா நானும் அப்படியே சொல்லிடறேன்."

"வேணாம்டி. இன்னிக்கு உண்மையச் சொல்லப்போறேன்."

"சொல்லாத!" முகம் கோணிக்கொண்டு வந்தது, ஆனால் அழவில்லை. "சொன்னா பள்ளிக்கூடத்துலயும் அனுப்பிடுவாங்க. போட்டுக்கோம்மா."

நான் அசையாமல் நின்றேன். அவளே என் கையை இழுத்துச் சட்டைக்குள் நுழைத்தாள், பொத்தான் பிய்ந்துபோன அந்தக் கைக்கு ஊக்கு தேடிவந்து குத்தினாள். பிறகு நான் முதலாளியைப் பார்த்துச் சிரிப்பேனே, அதே சிரிப்பைச் சிரித்துக் காட்டி, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டாள்.