தொலைபேசிக்குள் அகப்பட்ட ராசா

கபோ சந்தை முனையிலிருந்த பொதுத் தொலைபேசியின் காசு போடும் வாயில், பிரெஞ்சு ராசா ஒருவர் பாதி முகத்தோடு சிக்கிக்கொண்டிருந்தார். அகஸ்ரீனா புருசனைப் பார்த்தாள். சூசைதாசன் எதிரிலிருந்த மீன்கடையைப் பார்த்தான்.

"ஜெத்தோனே ஒண்டு எடுத்துக்கொண்டு போ எண்டு சின்யோராதானே சொன்னவ."

"காசுக்குப் பதிலாப் போனுக்குப் போடுற ஜெத்தோனே வாசல் கிண்ணத்துக்கை கிடந்தது. நீங்கள் மேசையில இருந்த பெட்டிக்கை எடுத்திருக்கிறியள்."

"அதையும் அவ ஜெத்தோனே எண்டுதானே சொல்லுறவ."

அது உண்மைதான்; அந்த ஊர்ப் பாசையில் வில்லை எதுவும் ஜெத்தோனேதான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். பிரெஞ்சு அரச கருவூலம் ஒரு காலத்தில் ராசாவின் தலை பொறித்து நினைவுக்காக அடித்த செப்பு வில்லைகள் பெட்டியில் இருந்தவை. அவள் வேலை செய்யும் வீட்டு எசமானியான சின்யோராவின் இறந்துபோன கணவர் ஆயுள் முழுக்கத் தேடிச் சேர்த்தவை. பெட்டியின் வெல்வெட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி. அவற்றைப் பார்க்க மத்தியானம் ஒருவர் வருகிறார். ஒரு குழி வெறுமையாகக் கிடந்தால் வேலைக்காரியைத்தான் முதலில் கேட்பார்கள். பிறகு அந்த வீட்டில் அவளுக்கு வேலையில்லை.

"ராசாவின்ர தலை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"இவங்கட காசெல்லாத்திலையும் ஆற்றையோ தலை கிடக்குது. எனக்கு எல்லாரையும் தெரியுமோ? சியாகுல்லித் தோட்டத்துக்காரனுக்கு நேரத்துக்குக் கோல் அடிக்காட்டி வேலை போயிடும்."

"உங்கட வேலையைப் பிடிக்க என்ர வேலை போகட்டும் என்ன?"

தாலிக்கொடியில் கொழுவியிருந்த சட்டைப்பின்னைக் கழற்றி, வளைத்து, நெம்பினாள். ராசா மெல்ல வெளியே வந்தார், கன்னத்தில் புதுக் கீறலோடு.

வீட்டில் சின்யோரா வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அகஸ்ரீனா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சின்யோரா கண்ணை மூடிக்கொண்டார்.

"இதனால் ஒரு துண்டுப் பாண்கூட வாங்க முடியாது என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். உன் கணவர் இதை வைத்துத் தொலைபேசி பேசப் பார்த்தாரா?"

"சின்யோராதான் ஜெத்தோனே என்று..."

"சொன்னேன். என் வாயைத்தான் தைக்க வேண்டும்." ராசாவைக் கீறல் தெரியாத பக்கமாகத் திருப்பிக் குழிக்குள் வைத்தார். "நாளைக்கு நேரத்துக்கு வா. உன் கணவர் வாசலுக்கு வெளியே நிற்கட்டும்."

கீழே சூசைதாசன் படியில் குந்தியிருந்தான்.

"என்னவாம்?"

"வேலை இருக்குது."

"அப்ப அந்தக் கிண்ணத்திலையிருந்து ஒண்டு கொண்டு வந்தனியோ? நான் இன்னும் கோல் எடுக்கேல்லை."