எதிராளி வேண்டாத கப்பல்

கையுறைத் தொழிற்சாலையில் வாரம் முழுக்க ஓட்டை தேடித்தேடிக் கேரனுக்குக் கண் எரிந்தது. ஞாயிறு பூசை முடிந்து சிலிபினிலுள்ள தன் வீட்டுக்கு வந்தவள், அடுப்பைப் பற்றவைக்கவும் தெம்பில்லாமல் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். மேசையில் பாதி முடிந்த ஒரு பிளாஸ்டிக் இழுவைக் கப்பல் கிடந்தது. அவள் கட்டும் முதல் கப்பல்.

அதற்குமுன் அவள் கைக்குப் பழகியதெல்லாம் விரல் உயரப் போர்வீரர்கள்தான். மேசைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி விளையாடும் போர் விளையாட்டு அவள் கணவன் ராட்னிக்கு உயிர். கல்யாணமான புதிதில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடினார்கள். பிறகு அவன் டவுனுக்குப் போய் நண்பர்களோடு விளையாட ஆரம்பித்தான். அவனுடைய படைக்குச் சாயம் பூசுவது மட்டும் அவளுக்கு என்றாகிவிட்டது. போன வருடம் இருவரும் பிரிந்தார்கள். அவன் பத்து காஜா ஊரில் தன் அண்ணன் வீட்டுக்கே போய்விட்டான்.

கப்பல் வாங்கியபோது, தூரிகை பிடிக்கத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தாள். வீரர்களின் கவசத்துக்குச் செய்வதுபோலவே ஓரமெல்லாம் வெளிர்ச் சாயம் இழுத்து, துருநிறச் சாயத்தை அள்ளித் தேய்த்தாள். தள்ளி நின்று பார்க்கும்போது வீரனுக்கு அது எடுப்பு. கப்பலோ கடலடியிலிருந்து தூக்கி வந்ததுபோல் இருந்தது. அவ்வளவையும் கரைத்தெடுத்து, மறுபடி மெல்லிசாகப் பூச வேண்டியதாயிற்று.

இப்போது பாக்கி, கப்பல் தளத்தைச் சுற்றி ஒட்டும் கம்பி வேலி. முடிபோல மெல்லிய பித்தளை. அதை இடுக்கியில் எடுத்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

ராட்னி ஒரு பெட்டியோடு உள்ளே வந்தான். ஆள் இளைத்திருந்தான்.

“அடுத்த மாசம் போட்டி இருக்கு கேரன். இதுல ஒண்ணுக்கும் சாயம் இல்ல. நீ பூசுனாதான் நல்லா இருக்கும் லா.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். சாம்பல் நிற வீரர்கள் குவியலாகக் கிடந்தார்கள்.

“முடியாது.”

“கொஞ்சம்தானே?”

“பெனாட் லா, ராட்னி. களைச்சுப்போச்சு. உடம்பு மட்டும் இல்ல.”

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கப்பலையே பார்த்தான்.

“இத வச்சு யார்கூட விளையாடுவ?”

“யாரும் வேணாம். இதுக்கு எதிராளியே கிடையாது.”

சொல்லிக்கொண்டே கம்பியைத் தளத்தருகே கொண்டுபோனாள். இடுக்கியிலிருந்து பித்தளை துள்ளி எங்கோ பறந்தது. கேரனுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனைக்கும் அது ஒரு துண்டுக் கம்பி.

“அழாத. அசையாம இரு, மிதிச்சிடுவ,” என்றான். கைபேசி விளக்கைப் போட்டுத் தரையில் முழங்காலிட்டான். அவளும் இறங்கி மறுபக்கம் தேடினாள். அலமாரிக்கு அடியில் அவன்தான் கண்டெடுத்தான்.

கம்பி சற்று வளைந்திருந்தது. அவள் விரல் நகத்தால் நீவி நிமிர்த்தினாள். அவன் கப்பலை அசையாமல் பிடித்துக்கொள்ள, அவள் ஊசிமுனையில் பசை தொட்டு வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒட்டினாள். முன்பு அவள் பூசும்போது அவன் ஒரு தரமாவது இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததுண்டா என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. கோபமும் வரவில்லை.

“நானே பூசிப் பாக்கறேன்,” என்று பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். “அசிங்கமாத்தான் வரும்.”

“மொதல்ல அப்படித்தான் வரும். சாயத்த தண்ணியாக்கிப் பூசு.”

“வாரேன்.”

“ம்.”

மோட்டார் தெருமுனை திரும்பிப் போனது. மதியமாகிவிட்டதை வயிறு சொன்னது. கேரன் பசைப் புட்டியை மூடிவிட்டு, பழைய சோற்றில் தயிரை ஊற்றி நின்றபடியே சாப்பிட்டாள். பிறகு மின்விசிறிக்குக் கீழே, வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போனாள்.