விரைவில் தொடர்புகொள்கிறோம்

பட்டன் பச்சையில் இருக்கட்டுமா, ஆரஞ்சிலா என்று அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துவைத்துக்கொண்டு தம்பி முக்கால் மணி நேரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். வெப்சைட் வடிவமைப்பாளன் என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டவனுக்கு இதெல்லாம் வாழ்வா சாவா பிரச்சினை. எதிரே அத்தான் நகம் கடித்துக்கொண்டிருந்தார். வீடு மாறுகிறவர்களின் சாமானைக் கட்டி, ஏற்றி, இறக்கித் தருவது அவர் தொழில். ஒரு காலத்தில் இரண்டு வேன். ஒன்று போய்விட்டது. மிச்சமிருப்பதை விலை பேச அடுத்த வாரம் ஆள் வருகிறான்.

"புது டிசைனப் பாத்தாவது நாலு பேர் வருவாங்களா மச்சான்?"

"வராம எங்க போயிடுவாங்க அத்தான்? பழைய சைட்டப் பண்ணப்ப எனக்கு அவ்ளோ விவரம் பத்தல."

"சைட் மேல என்னடா தப்பு? எல்லாம் அந்தக் கண்ணாடிதான்."

நான்கு வருஷத்துக்கு முன், பழைய சைட் தொடங்கிய அதே வாரம், ஒரு டீச்சரம்மாவின் ஆளுயரக் கண்ணாடி மாடிப்படியில் அத்தானின் கையிலிருந்து நழுவியது. அந்தம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது. முகத்துக்கு நேரே சொல்லாதவர் ஊரெல்லாம் சொல்லியிருப்பார் என்று தானாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சைட் வழியாக ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. தீர்ப்பு உறுதியாயிற்று. இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்கும் தம்ளரையும் இரண்டு கையால்தான் பிடிப்பார். "அது என்ன, கைக்குழந்தையா?" என்று அக்கா கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

புது சைட்டுக்கு மாற்றும் முன், பழைய 'தொடர்புக்கு' பக்கத்தில் 'டெஸ்ட்' என்று அடித்துத் தம்பி அனுப்பிப் பார்த்தான். 'நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்' என்றது அது, மிகப் பணிவாக. அத்தானின் போனில் ஒன்றும் வரவில்லை. எங்கே போகிறது என்று உள்ளே திறந்து பார்த்தான். சைட் கட்டும்போது சோதனைக்கென்று அவனே தொடங்கிய மின்னஞ்சல் முகவரி. வேலை முடிந்ததும் அத்தானின் முகவரியாக மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. பக்கத்தின் அழகு கெடுகிறதென்று போன் நம்பரைத் தூக்கிய மகானும் அவன்தான்.

பாஸ்வேர்டை நான்கு முறை தப்பாக அடித்துத் திறந்தான். இருநூற்று அறுபத்து மூன்று கடிதங்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, முடியுமா? அம்மா இறந்துவிட்டார், அவருடைய அறையைக் காலிசெய்ய வேண்டும், பொறுமையான ஆட்கள் கிடைப்பார்களா? ஏன் பதிலே இல்லை? எல்லோருக்கும் நன்றி சொல்லியாகிவிட்டது. நடுவில் ஒன்று:

'போன வருஷம் எங்களுக்கு வீடு மாற்றித் தந்தீர்கள். மறுபடி மாறுகிறோம். கண்ணாடி உடைந்தபோது, கையில் ரத்தம் வழிய நின்று மன்னிப்புக் கேட்டாரே, அவரையே அனுப்பினால் நல்லது. அவருக்குக் கை ஆறிவிட்டதா?'

மூடிவிடலாம். முகவரியை மாற்றினால் நாளையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அத்தான் பச்சைப் பட்டனைக் கொண்டாடுவார். தம்பிக்குக் கைராசி என்பாள் அக்கா.

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

அத்தான் உதடு அசைய வாசித்தார். ஒருமுறை. மறுபடி முதலிலிருந்து.

"எப்ப வந்துச்சுடா?"

"மூணு வருஷம் ஆச்சு. எல்லாமே எனக்குத்தான் அத்தான் வந்துட்டிருந்துச்சு. முகவரிய மாத்த மறந்துட்டேன். நான் பாக்கவே இல்ல."

அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை.

வலது உள்ளங்கையை விரித்து அந்தப் பழைய தழும்பைப் பார்த்தார். பிறகு எழுந்து, லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கினார். உள்ளே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம். சமையலறை வாசலில் உடம்பை ஒருக்களித்து, நிலையில் இடிக்காமல், ஒவ்வோர் அடியாக வைத்து உள்ளே போனார். பின்னால் நீண்டுகொண்டே போன சார்ஜர் வயர் எங்கும் சிக்கி இழுத்துவிடாதபடி, தம்பி அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தான்.